பட்டறைப் பதில்கள்: கனத்த தகடும் லேசர்-ஆர்க் வெல்டிங்கும்

போன இதழில் ஒரு மாணவருக்குப் பதில் எழுதும்போது, கனத்த எஃகுத் தகடுகளை லேசரும் ஆர்க்கும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் பற்றவைக்கும் முறையைப் பற்றி நான்கு வரி சொல்லியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. 31 ஆண்டுகள் வெல்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். அதில் கடைசி 9 ஆண்டுகள் இந்த ஒரு முறையோடுதான் கழிந்தன. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

“22 வருடமாக சி.ஓ.2 வெல்டிங் செய்கிறேன், சார். லேசர் அவ்வளவு ஆழமாகப் போகும் என்கிறீர்கள். அப்படியென்றால் அது மட்டும் போதாதா? எதற்கு ஆர்க்கையும் கூடச் சேர்க்க வேண்டும்?” – ஒரு வெல்டர்

தம்பி, உங்கள் டார்ச்சில் வயருக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியான ஆர்க், தகட்டின் மேல் 5, 6 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. 10 கிலோவாட் சக்தி அந்தப் பரப்பு முழுவதற்கும் பங்கு போனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அரை கிலோவாட்கூடத் தேறாது. லேசரை அரை மில்லிமீட்டர் புள்ளியாகக் குவிக்கிறோம். 15 கிலோவாட் அந்தப் புள்ளிக்குள் இறங்கினால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோவாட். இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும், 2862 டிகிரியில் கொதிக்கும். ஆர்க்குக்கு அடியில் இரும்பு உருகுகிறது. லேசருக்கு அடியில் கொதித்து ஆவியாகவே போகிறது. அந்த ஆவி பீறிட்டுக் கிளம்பும்போது உருகிய உலோகத்தைச் சுற்றிலும் ஒதுக்கித் தள்ளி, நடுவில் ஒரு மெல்லிய, ஆழமான துளையைத் திறந்து வைக்கிறது. சாவித்துளை என்று அதற்குப் பெயர். ஒளி அதற்குள் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே அடிவரை போகிறது. கருவி நகர நகரத் துளையும் நகரும். பின்னால் உருகிய உலோகம் வந்து மூடி உறையும்.

இவ்வளவு ஆழம் கிடைத்த பிறகு என்ன குறை? கதிருக்கு நிரப்பத் தெரியாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டர் கேப் இருந்தாலே, அரை மில்லிமீட்டர் கதிரில் நல்ல பங்கு எதையும் தொடாமல் அடிப்பக்கம் போய்விடும். மேலே பள்ளம் விழும். இன்னொன்று, லேசர் போட்ட கோடு மிகவும் மெல்லியது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அந்தச் சூட்டை ஒரு நொடியில் உறிஞ்சிவிடுவதால் இணைப்பு வெடுக்கென்று கெட்டியாகி, உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

ஆர்க் வந்ததும் இந்த இரண்டும் சரியாகின்றன. வயர் உருகிக் கேப்பை நிரப்புகிறது. மேல்பகுதி அகலமாகி, கொஞ்சம் நிதானமாக ஆறுகிறது. இணைப்பைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த) கரைசல் தடவிப் பாருங்கள். சில நொடிகளில் கொண்டை ஆணி ஒன்று சாம்பல் நிறத்தில் எழுந்து வரும். அகலமான கொண்டை ஆர்க் போட்டது. கீழே இறங்கும் ஒல்லியான தண்டு லேசர் போட்டது. நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை.

உதவி ஒருபக்கமாக மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் டார்ச்சைத் தனியாக இழுத்துப் பாருங்கள், ஆர்க் அங்குமிங்கும் அலையும். லேசர் கிளப்பிவிடும் உலோக ஆவி ஆர்க்குக்கு ஒரு வழி போட்டுக் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆர்க் ஒரே இடத்தில் நிற்கும்.

“இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? இப்போதுதான் வந்த தொழில்நுட்பமா?” – பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி

இல்லையம்மா, உன் வயதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வயதானது. தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியது 1960. குமார் பட்டேல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டுவந்தது 1964. தொடர்ச்சியாக, ஆழமாகப் பற்றவைக்கத் தேவையான சக்தியை முதலில் கொடுத்தது அந்த வகைதான். 1970-களின் கடைசியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வில்லியம் ஸ்டீனும் அவருடைய குழுவினரும் அந்த லேசரோடு டிக் ஆர்க்கை (உருகாத டங்ஸ்டன் முனையில் எரியும் ஆர்க்) சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டையும் தனித்தனியே போட்டால் கிடைப்பதைவிட, ஒரே இடத்தில் சேர்த்துப் போடும்போது கூடுதல் பலன் கிடைக்கிறது என்று அப்போதே எழுதிவிட்டார்கள்.

பிறகு ஏன் 20 ஆண்டுகள் தூங்கியது? கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது. அது கண்ணாடி இழைக்குள் போகாது. எதிரொளிக்கும் கண்ணாடிகளால் திருப்பித் திருப்பித்தான் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சாவித்துளைக்கு மேல் எழும் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற சூடான ஆவி) அந்த ஒளியை விழுங்கும் என்பதால் ஹீலியம் வாயுவையும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். அப்படியிருந்தும் ஜெர்மனியின் பாப்பன்பர்க் கப்பல் கட்டும் தளம் 2000-களின் தொடக்கத்தில் இந்த வகை லேசரை வைத்தே கப்பலின் மேல்தளத் தகடுகளை ஹைப்ரிட் முறையில், அதாவது லேசரும் ஆர்க்கும் சேர்த்து, பற்றவைக்கத் தொடங்கியது. பெரிய துணிச்சல் அது.

அப்புறம், கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளியை உண்டாக்கும் ஃபைபர் லேசர் வந்தது. அலைநீளம் 1.07 மைக்ரோமீட்டர். பிளாஸ்மா ஒளியை விழுங்குவது அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அந்தத் தொல்லை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. சாதாரண ஆர்கான் கலவையே போதும் என்றாயிற்று. ஒளியைத் தலைமுடி போன்ற இழை வழியாக ரோபோவின் கைக்குக் கொண்டுபோகலாம். கனத்த தகட்டுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

“எங்கள் பட்டறையில் 16 மில்லிமீட்டர் தகடு நிறைய ஓடுகிறது. இந்த முறையால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? விளம்பரத்தில் சொல்லும் கணக்கை நம்பலாமா?” – ஃபேப்ரிகேஷன் மேற்பார்வையாளர்

விளம்பரம் வேண்டாம். பேனாவை எடுங்கள், நாமே போட்டுப் பார்ப்போம்.

16 மில்லிமீட்டர் தகடு, 60 டிகிரி வி-பெவல் (ஓரங்களை வி எழுத்துப் போலச் சரித்து வெட்டுவது), அடியில் 2 மில்லிமீட்டர் கேப். நிரப்ப வேண்டிய குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 180 சதுர மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.4 கிலோ எஃகு. 250 ஆம்பியர், 28 வோல்ட், நிமிடத்துக்கு 30 சென்டிமீட்டர் வேகம் என்று வைத்தால் 6 அல்லது 7 பாஸ் (ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓர் ஓட்டம்) ஆகும். 7 என்றே வைத்துக்கொள்வோம். ஆர்க் எரியும் நேரம் மட்டுமே மீட்டருக்கு 23 நிமிடம் தாண்டும். இடையில் கிரைண்டிங் செய்வதும், திருப்பிப் போடுவதும் தனி.

அதே தகட்டுக்கு ஹைப்ரிட். அடிப்பக்கம் 12 மில்லிமீட்டர் சரிவில்லாத நேர் முகம், மேலே 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் 45 டிகிரி வாய், கேப் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒய் எழுத்து மாதிரி இருக்கும். நிரப்ப வேண்டிய பரப்பு 7 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. 1.2 மில்லிமீட்டர் வயரை நிமிடத்துக்கு 12 மீட்டர் ஊட்டி, 1.5 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் 9 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். வாய் நிரம்பி, மேலே கொஞ்சம் மேடும் வரும். வயர் செலவு மீட்டருக்கு 70 கிராம் அளவு. நேரம் 40 நொடி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சூட்டுக் கணக்கு. பழைய முறையில் ஒவ்வொரு பாஸுக்கும் மில்லிமீட்டருக்கு 1.4 கிலோஜூல், 7 பாஸுக்குக் கிட்டத்தட்ட 10. ஹைப்ரிட்டில் லேசர் 15 கிலோவாட், ஆர்க் 10 கிலோவாட், நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகம். மொத்தமே 1 கிலோஜூல். தகடு வளைவது, அலை அலையாக நெளிவது, அப்புறம் அதைக் கேஸ் சுடரால் சூடாக்கித் தட்டி நேராக்குவது, இதெல்லாம் எவ்வளவு ஆள்நேரத்தை விழுங்குகிறது என்று மேற்பார்வையாளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் கட்டும் தளங்கள் இந்த முறைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் நெளிவுதான்.

ஆனால் ஒன்று. இந்தக் கணக்கு முழுவதும் “கேப் கிட்டத்தட்ட பூஜ்யம்” என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. உங்கள் தகட்டு ஓரங்கள் கேஸ் கட்டிங்கில் வெட்டிக் கையால் கிரைண்டிங் செய்தவை என்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஓரத்தை மில்லிங் செய்ய வேண்டும், அல்லது அதற்கு இணையாகச் சுத்தமாக வெட்ட வேண்டும். நீளமான, நேரான, திரும்பத் திரும்ப வரும் இணைப்புகளும் வேண்டும். அவை இல்லாத பட்டறை லேசரை வாங்கி நிறுத்திவைத்தால் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும்.

“கேப் கேப் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஆர்க் நிரப்பும் என்றும் சொல்கிறீர்கள். எவ்வளவு வரை தாங்கும்?” – தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்

வெறும் லேசர் என்றால் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கிலேயே, அதாவது 0.1, 0.2-லேயே சிரமம் தொடங்கிவிடும். ஹைப்ரிட்டில் 1 மில்லிமீட்டரை ஒட்டி வரைக்கும் சமாளித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சமாளிப்பது வேறு, தினமும் நம்பி ஓட்டுவது வேறு. 16 மில்லிமீட்டர் தகட்டை ஒரே பாஸில் முடிக்கும்போது 0.5-க்கு மேல் நான் அனுமதித்ததில்லை. அந்த எண் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் 6 மீட்டர் நீளச் சோதனை இணைப்பு. ஓரம் மில்லிங் செய்தது, கேப் எங்குமே 0.4 தாண்டவில்லை, நானே அளந்து கையெழுத்துப் போட்டேன். லேசர் அறைக்குள் யாரும் இருக்க முடியாது, வெளியே திரையில்தான் பார்க்க வேண்டும். ஆனால் சத்தம் கேட்கும். சரியாக ஓடும்போது அது இறுக்கமான, ஒரே சீரான சீறலாக இருக்கும். 4 மீட்டர் தாண்டியதும் சத்தம் உள்ளீடற்றுப் போனது. வெறும் குழாயில் ஊதுவது போல. திரையில் மேல்பக்கம் இன்னும் அழகாகத்தான் தெரிந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு 3, 4 நொடி ஆயிற்று. அதற்குள் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் ஓடிவிட்டது.

உள்ளே போய்க் குனிந்து பார்த்தோம். அடிப்பக்கத்தில் இணைப்பே இல்லை, கதிர் அறுத்த நேர்க்கோடு மட்டும் பளபளவென்று இருந்தது. மேலே நாம் பார்த்த அழகு வெறும் ஆர்க் போட்ட மூடி. முன்னால் இருந்த டேக் (தகடுகளைப் பிடித்துவைக்கும் சின்னத் தற்காலிக வெல்டு) ஒன்று விரிந்து, கேப் 1.1 ஆகியிருந்தது. பற்றவைத்துக்கொண்டு போகும்போது சூடு தகடுகளை முன்பக்கம் கத்தரிக்கோல் போல விரிக்கும். நாங்கள் 50 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று சின்னச் சின்ன டேக் அடித்திருந்தோம். ஓட்டத்துக்கு முன் அளந்த கேப்பை மட்டும் நம்பினேன். ஓடும்போது அது என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு டேக் இடைவெளியைப் பாதியாக்கினோம். ஒவ்வொரு டேக்கும் முன்பைவிட நீளம், மேடு தெரியாமல் கிரைண்டிங் செய்தது. இணைப்பின் இரண்டு முனையிலும் ஓட்டத் தகடு (ஓட்டம் தொடங்கவும் முடியவும் கூடுதலாக வைக்கும் துண்டு) வைத்து நன்றாகப் பிணைத்தோம். கதிருக்கு முன்னால் ஓடிக்கொண்டே கேப்பை அளந்து வயரையும் வேகத்தையும் மாற்றும் கேமரா இன்றைக்குக் கிடைக்கிறது. இருந்தால் நல்லது. ஆனால் கேமரா விரிந்த டேக்கைப் பார்க்கும், பிடித்து நிறுத்தாது. பிடித்து நிறுத்துவது ஃபிட்-அப், அதாவது தகடுகளைப் பொருத்திக் கட்டும் வேலைதான்.

தகட்டு ஓரத்தில் மில் ஸ்கேலும் (ஆலையிலேயே படியும் ஆக்சைடுத் தோல்) பிரைமர் பெயின்ட்டும் இருந்தால் இருபுறமும் சுரண்டி எடுத்துவிடுங்கள். துத்தநாகம் கலந்த பிரைமர் ஆவியாகிச் சாவித்துளையைக் குலைக்கும். எக்ஸ்ரே படத்தில் வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும்.

“20 மில்லிமீட்டருக்கு மேல் போகும்போது அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தொங்குகிறது. மேல்பக்கம் பள்ளம். அளவுகளை எப்படி மாற்றினாலும் போகவில்லை. என்ன செய்வது?” – ஆராய்ச்சி மாணவர்

தம்பி, அந்தச் சொட்டுகளை நானும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். மெழுகு வழிந்து உறைந்த மாதிரி, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு மணி, நடுவில் வெறுமை. ஒவ்வொரு மணிக்கும் மேலே ஒரு குழி. காரணம் எளிமையானது: உருகிய உலோகத்தின் உயரம் கூடக் கூட எடை கூடுகிறது. அதைக் கீழே விழாமல் தாங்குவது அதன் பரப்பு இழுவிசை மட்டும்தான். தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் எடையும் இரண்டு மடங்கு அழுத்தும். பரப்பு இழுவிசை கூடுவதில்லை. வேகத்தைக் குறைத்தால் குளம் அகலமாகி நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே பொத்தான்களைத் திருகி மட்டும் இதை வெல்ல முடியாது.

வழிகள் இருக்கின்றன. அடியில் பீங்கான் பட்டை வைக்கலாம். ஆனால் இணைப்பும் பட்டையும் ஒட்டிப் பொருந்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் புதிதாக வைக்க வேண்டும். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இணைப்பைக் கிடைமட்டமாக ஓட்டினால் எடை குளத்தின் அடிவாய் வழியாக இறங்காது. கனத்த தகட்டுக்கு இது நல்ல வழி, வேலைப்பொருளைத் திருப்ப இடம் இருந்தால்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. பெர்லினில் உள்ள பாம் என்ற பொருள் ஆய்வு நிறுவனத்தார் நெடுநாளாகச் செய்துவரும் வேலை அது. தகட்டுக்குக் கீழே, தொடாமல், மாறுமின்னோட்டக் காந்தம் ஒன்றை வைக்கிறார்கள். அது உருகிய உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து உலோகத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. கையே படாமல் கீழிருந்து ஏந்திக்கொள்வது மாதிரி. 20 மில்லிமீட்டரைத் தாண்டிய எஃகுத் தகடுகளை அவர்கள் இப்படி ஒரே பாஸில் முடித்து, தட்டையான அடிப்பக்கத்தோடு காட்டியிருக்கிறார்கள்.

ஒரே பாஸ் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஓட்டம், அல்லது அடிப்பகுதிக்கு ஹைப்ரிட், மேலே சப்-மெர்ஜ்டு ஆர்க் (பொடிக்கு அடியில் மறைந்து எரியும் ஆர்க்) என்று பிரித்துக்கொண்டாலும் பழைய முறையைவிடப் பல மடங்கு மேல்.

“லேசர் முன்னால் போக வேண்டுமா, ஆர்க்கா?” – பெயர் எழுதாத வாசகர்

இரண்டும் ஓடும். ஆர்க் முன்னால் போனால் தகடு ஏற்கெனவே சூடாகி, குளமும் சற்றுப் பள்ளமாக இருப்பதால் லேசர் கொஞ்சம் ஆழமாக இறங்கும். லேசர் முன்னால் போனால் ஆர்க் பின்னால் வந்து மேல்பரப்பை வழித்து அழகாக்கும், அண்டர்கட், அதாவது இணைப்பின் ஓரத்தில் தகட்டில் விழும் பள்ளம், குறையும். வரிசையைவிட, கதிருக்கும் வயர் முனைக்கும் உள்ள தூரத்தில் கவனம் வையுங்கள். 2 முதல் 5 மில்லிமீட்டர். அதற்கும் கிட்டே போனால் வயரிலிருந்து விழும் துளி சாவித்துளையை அடைக்கும். மிகவும் விலகினால் அவை சேர்ந்து வேலை செய்யாது, இரண்டு தனி வெல்டிங் ஆகிவிடும்.

“இவ்வளவு வேகமாக ஆறினால் இணைப்பு உடையக்கூடியதாக ஆகாதா? தேர்வாளர் எதைப் பார்த்து ஒப்புக்கொள்வார்?” – வெல்டிங் ஆய்வாளர்

ஆகலாம். அதனால்தான் இந்த முறைக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. செய்முறைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 15614-14, குறைபாடுகளின் தர அளவுக்கு ஐ.எஸ்.ஓ. 12932. சாதாரணக் கட்டமைப்பு எஃகுக்கு 380 விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை எல்லை பரவலாகப் பயன்படுகிறது. கார்பன் அளவு கூடிய எஃகில் ஆணித் தண்டுப் பகுதி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். முன்சூடு கொடுங்கள், அல்லது கார்பன் குறைந்த தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கடினத்தன்மையைக் கொண்டைப் பகுதியில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். வயரில் உள்ள நிக்கல், மாங்கனீஸ் எல்லாம் மேல்பகுதியில் நன்றாகக் கலக்கும், ஆழத்தில் அவ்வளவாக இறங்காது. அடியில் இருப்பது பெரும்பாலும் தகடே உருகி உறைந்தது. மேலே ஒரு வரிசை, நடுவே ஒரு வரிசை, வேரில் ஒரு வரிசை என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நடுப்பகுதியில் தண்டு சற்றுப் புடைத்திருந்தால் அங்கே உருப்பெருக்கியை வையுங்கள். சுற்றிலும் உறைந்துவிட்டு நடு மட்டும் கடைசியில் உறையும்போது மையக்கோட்டில் விரிசல் விழும், அது மேலேயிருந்தும் தெரியாது, கீழேயிருந்தும் தெரியாது. கந்தகமும் பாஸ்பரசும் குறைந்த எஃகு, சற்று நிதானமான வேகம், இரண்டும் உதவும்.

சார்பி மோதல் சோதனையில் (பள்ளம் வெட்டிய துண்டைச் சுத்தியலால் ஒரே அடியில் உடைத்துப் பார்ப்பது) ஒரு விசித்திரம் பார்ப்பீர்கள். இணைப்பின் நடுவில் வெட்டிய பள்ளத்திலிருந்து கிளம்பும் முறிவு, நேராகப் போகாமல் பக்கத்துத் தகட்டுக்குள் வளைந்து போகும். ஒல்லியான இணைப்பு கெட்டி, தகடு அதைவிட மென்மை. முறிவு மென்மையான வழியைத் தேடிக்கொள்கிறது. அப்போது கிடைக்கும் எண் இணைப்பினுடையது அல்ல. எண்ணை மட்டும் எழுதாமல் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

“எங்களிடம் நல்ல கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட் இருக்கிறது. லேசர் பக்கத்தில் நிற்கவும் அது போதும்தானே? இப்போது கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் மெஷின்களும் வந்துவிட்டனவே.” – பட்டறை உரிமையாளர்

போதாது. தயவுசெய்து இந்தப் பதிலை மட்டுமாவது வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று வெல்டர்கள் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும், தண்ணீர் கொட்டும், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அது புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டது. தோல் மறுபடி வளரும். ஃபைபர் லேசரின் 1.07 மைக்ரோமீட்டர் ஒளி அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை மூடாது. கருவிழியைத் தாண்டி உள்ளே போகும். கண்ணின் லென்ஸே அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துக் கொடுக்கும். கருவிழியில் விழுந்ததைவிட ஒரு லட்சம் மடங்கு செறிவாக. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் தெரியும். அது வளராது, திரும்பாது.

0.5 வாட்டைத் தாண்டினாலே லேசர் 4-ஆம் வகுப்பு, ஆகக் கூடிய ஆபத்து வகுப்பு. நாம் பேசுவது 15,000 வாட். தகட்டில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கும். வெல்டிங் கண்ணாடி ஆர்க் வெளிச்சத்துக்காகச் சோதிக்கப்பட்டது, லேசருக்காக அல்ல. லேசர் கண்ணாடி என்றால் அதன் மேலேயே அலைநீளமும் பாதுகாப்பு அளவும் அச்சிட்டிருக்கும். கனத்த தகட்டு வேலைக்கு அந்தக் கண்ணாடியை மட்டும் நம்புவதும் தவறு. ஒளி கசியாத மூடிய அறை, கதவு திறந்தால் கதிர் அணையும் பூட்டு, பார்க்கக் கேமரா. இதற்குக் குறைவாக எதையும் ஏற்காதீர்கள்.

கையில் பிடிக்கும் மெஷின்கள் 1.5, 2 கிலோவாட் அளவில் மெல்லிய தகட்டுக்கானவை, ஹைப்ரிட் அல்ல. ஆனால் அவையும் அதே 4-ஆம் வகுப்புதான். திறந்த பட்டறையில், பக்கத்தில் ஆட்கள் நடமாட, அதை வைத்து வேலை செய்யும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பிடித்திருப்பவர் கண்ணாடி போட்டிருப்பார். பின்னால் கடந்து போகும் பையன்?

“40 வயதாகிறது. கை வேலைதான் தெரியும். இந்த மெஷின் வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு இடம் இருக்குமா?” – ஒரு வெல்டர்

டார்ச் பிடிக்கும் வேலை அந்த இணைப்பில் இருக்காது, தம்பி. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகம். நீளமான, நேரான இணைப்புகள் மெஷினுக்குப் போகும். மூலை, முடுக்கு, பழுது பார்ப்பது, பொருத்துவது எல்லாம் கையில்தான் இருக்கும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது டார்ச் பிடிக்க மட்டும்தானா? தகடு எந்தப் பக்கம் இழுக்கும், எந்த டேக் தாங்காது, இதெல்லாம் 20 வருடக் கை வேலையில் படிந்தது. மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை.

என் குழுவில் அப்படி ஒருவர் இருந்தார். உங்களைப் போலவே கை வெல்டராக இருந்து வந்தவர். கணினித் திரை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நான் சொன்ன அந்த 6 மீட்டர் இணைப்பு கெட்டுப்போன பிறகு, டேக் எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விட்டேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் 0.5 மில்லிமீட்டர் ஃபீலர் இலை (கேப் அளக்கும் மெல்லிய தகடு) ஒன்று இருக்கும். ஓட்டம் தொடங்கும் முன் அதை இணைப்பின் மேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை குனிந்தபடியே நடப்பார். எங்காவது இலை உள்ளே நுழைந்துவிட்டால் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். கிளாம்பை இறுக்கி, டேக்கைச் சரிசெய்து, அவரே வந்து அந்த வட்டத்தைத் துணியால் அழிக்கும்வரை நாங்கள் யாரும் பொத்தானைத் தொடமாட்டோம்.